கட்டுச்சோறு வரை காத்திருக்க வேண்டாம்: கர்ப்பிணி மகளைப் பற்றி ஒரு தாயின் கேள்விக்கு மனநல மருத்துவரின் பதில்

கேள்வி: மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். என் மூத்த மகளுக்கு வயது 24. திருப்பூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை சொந்தமாகப் பவர் டேபிள் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கிறார். போன வருடம் அவளுக்கு ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இப்போது ஆறு மாதம் முடியப் போகிறது. போனில் பேசினால் அழுகிறாள். "நான் இருந்து என்னம்மா ஆகப் போகுது" என்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். மாப்பிள்ளைக்குத் தொழிலில் கடன். இவள் நகையெல்லாம் அடகில் இருக்கிறது. குடித்துவிட்டு வந்தால் சில நேரம் கைநீட்டுவார், மற்றபடி தங்கமானவர். மகள் பிளஸ் டூ முடித்த வருடம் ஒரு முறை உயிரை விட முயன்று காப்பாற்றினோம். அது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. கர்ப்பத்தில் இப்படி மனசு சலனப்படுவது சகஜம்தான், ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு விருந்து வைத்துப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரை குழந்தையைப் பாதிக்குமோ, பைத்தியம் என்று பேர் வந்து வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போன வாரம் வந்தவள் தன் கல்யாணப் பட்டுப் புடவையைத் தங்கைக்குக் கொடுத்து, "நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் இந்தப் பகுதியில் அச்சாகும் வரை காத்திருக்கக்கூடியது அல்ல என்பதால், முக்கியமானவற்றை உங்களுக்குத் தனியாக ஏற்கெனவே தெரிவித்துவிட்டேன். உங்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, அதே பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கவலையை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இது கர்ப்ப காலத்துச் சாதாரண மனச் சலனம் அல்ல. உங்கள் மகள் ஆபத்தில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டே நாம் நடக்க வேண்டும். கட்டுச்சோறு வரை பொறுத்திருப்பது சரியல்ல.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், பட்டுப் புடவையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் அதிகக் கவலையைத் தந்தது. பிரியமாகப் பாதுகாத்து வந்த பொருளைக் காரணமில்லாமல் பிறருக்குக் கொடுத்துவிடுவது, கொடுக்கல் வாங்கல் கணக்கைத் திடீரென்று ஒழுங்கு செய்வது, நெடுநாள் பேசாத உறவினரைத் தேடிப்போய்ப் பார்த்து வருவது, நாட்கணக்கில் அழுதுகொண்டிருந்தவள் ஒரு நாள் திடீரென்று அமைதியாகிவிடுவது ஆகியவை எல்லாம் ஒருவர் மனத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள். ஒருவேளை அவள் வெறும் பாசத்தால்கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் "நான் இருந்து என்ன ஆகப் போகிறது" என்ற பேச்சோடும், மூன்று மணி விழிப்போடும் சேர்த்துப் பார்க்கும்போது, அப்படி நினைத்து அமைதியடைய நமக்கு உரிமை இல்லை.

"வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது அப்படிச் செய்வார்களா?" என்று உறவினர்கள் கேட்கலாம். கர்ப்பம் பல பெண்களுக்குப் பிடிமானமாக அமைகிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் அல்ல. வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 15.6 விழுக்காட்டினரும், பிரசவித்த பெண்களில் 19.8 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்தை ஒட்டியும் நிகழும் தற்கொலையை விபத்துக் கணக்கில் தள்ளாமல், நேரடியான மகப்பேறு மரணமாகவே பதிவு செய்ய வேண்டும் என்று அதே நிறுவனம் 2012ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. இரத்தப்போக்கையும் இரத்தக் கொதிப்பையும் எவ்வளவு அக்கறையோடு பார்க்கிறோமோ, அதே அக்கறை இதற்கும் வேண்டும் என்பதே அதன் பொருள். நம் ஊர்களில் கர்ப்பிணியின் எடையைப் பார்க்கிறார்கள், இரத்த அளவைப் பார்க்கிறார்கள், அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கியாயிற்றா என்று விசாரிக்கிறார்கள். "இரவில் தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது" என்று ஒரு நிமிடம் கேட்பதுதான் பல இடங்களில் விட்டுப்போகிறது.

ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதுதான் கவனிக்க வேண்டியது. உங்கள் மகளுக்கு அவற்றில் பல சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் கனமானது, முன்பு ஒரு முறை அவள் உயிரை விட முயன்றது. பிற்காலத்தில் ஒருவர் மீண்டும் முயலக்கூடுமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் காரணங்களில் இதைவிட வலுவானது எதுவும் இல்லை. அன்று காப்பாற்றியதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று வீட்டில் நினைத்திருப்பீர்கள். சிகிச்சையோ ஆலோசனையோ அப்போது கிடைத்ததாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் அதை மறைத்தது அவள் நன்மைக்காகத்தான் என்பதை நான் அறிவேன். ஆனால் இப்போது அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் மட்டும் அதை ஒளிவில்லாமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, "கைநீட்டுவார், மற்றபடி தங்கமானவர்" என்ற வரி. இந்த "மற்றபடி" என்ற சொல்லை மகள்களைக் கட்டிக்கொடுத்த தாய்மார்கள் என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பிணியை அடிப்பதில் சிறிது, பெரிது என்று கிடையாது. நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் கர்ப்பிணிகளின் தற்கொலை எண்ணத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கும் காரணங்களில் கணவனின் வன்முறை முக்கியமானது. அடியோடு வசவும், செலவுக்குப் பணம் கொடுக்காமல் வைப்பதும், தாய் வீட்டோடு பேசவிடாமல் தடுப்பதும் அதே கணக்கில்தான் வரும். குடி சேரும்போது இவை அனைத்தும் பெருகுகின்றன. அவர் குடியை விட்டுவிடுவதற்கான சிகிச்சையும் உண்டு; ஆனால் அவர் திருந்தும் வரை உங்கள் மகள் அங்கேயே இருந்து காத்திருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை அல்ல.

போன வருடம் கலைந்த கருவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அவளுக்கு அது ஒரு வரி அல்ல. ஒரு கருவை இழந்த பெண் அடுத்த கர்ப்பத்தின் ஒவ்வொரு வாரத்தையும் பயத்தோடுதான் கடக்கிறாள். "இதாவது நிக்குமா" என்று யாரோ போகிற போக்கில் சொன்ன சொல் அவள் மனத்தில் தங்கிவிடும். அந்த இழப்பைப் பற்றி அவளோடு யாராவது உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

நகை விஷயத்தில் ஓர் ஊகத்தைச் சொல்கிறேன். சரியா தவறா என்பதை நீங்கள்தான் அவளிடம் கேட்டு அறிய வேண்டும். கட்டுச்சோறு என்றால் ஊரும் உறவும் கூடும். ஐந்து வகையோ ஏழு வகையோ சோறு கட்டிக்கொண்டு நீங்கள் சம்பந்தி வீட்டுக்குப் போவீர்கள். பந்தலில் உட்கார்த்தி வைக்கும்போது, நீங்கள் சீராகப் போட்ட நகைகள் அவள் கழுத்திலும் கையிலும் இருக்கின்றனவா என்று பார்க்கும் கண்கள் இருக்கும். நகைகள் அடகில் இருக்கின்றன. நீங்கள் எந்த நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறீர்களோ, அந்த நாளை நினைத்தே அவள் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டிருக்கலாம். "நகை போனால் போகட்டும், விருந்தைச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் வேண்டாம்" என்று அவளுடைய தகப்பனார் வாயால் அவள் கேட்டால், அவள் மனத்திலிருந்து ஒரு பெரும் சுமை இறங்கக்கூடும். கடனும், கடனால் வரும் அவமானமும் இங்கே விசைத்தறி வீடுகளிலும் பனியன் தொழில் வீடுகளிலும் எத்தனை பேரை வாய் திறக்காமல் செய்திருக்கின்றன என்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

இனி, அவளிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது, அது உண்மையல்ல. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. பெரும்பாலும், தனியாகச் சுமந்ததைச் சொல்ல ஆள் கிடைத்தது என்ற ஆறுதலே உண்டாகிறது. கணவரும் மாமியாரும் அருகில் இல்லாத நேரத்தில், போனில் அல்லாமல் நேரில், பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வழக்கப் பேச்சிலேயே கேளுங்கள்: "கண்ணு, உசுர விட்றலாம்னு நெனப்பு வருதா?" ஆம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், எத்தனை நாளாக வருகிறது, அடிக்கடி வருகிறதா, எப்போது என்ன செய்வது என்று ஏதாவது முடிவு செய்து வைத்திருக்கிறாயா, எது உன்னைத் தடுத்து நிறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முடிவு செய்து வைத்திருப்பதாகச் சொன்னால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். அது வரை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. இல்லை என்று சொன்னாலும், நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் இருக்கும் வரை, அந்த ஒரு பதிலை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேட்ட பிறகு சொல்லக்கூடாத சொற்களும் உண்டு. "உனக்கென்ன குறை", "நாங்க படாத கஷ்டமா" என்பவை அவள் வாயை மூடிவிடும். "வயித்துப் பிள்ளைய நெனச்சுப் பாரு" என்பதை நல்லெண்ணத்தோடுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் மனச்சோர்வில் ஆழ்ந்திருக்கும் பெண், நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை நன்றாக இருக்கும், நான் ஒரு பாரம் என்று நோயின் வசத்தில் நம்பிக்கொண்டிருக்கலாம். அவளிடம் பிள்ளையைச் சொல்லிக் குற்ற உணர்வை ஏற்றுவது, அந்த நம்பிக்கையை இன்னும் இறுக்கும். "நீ எனக்கு வேணும் கண்ணு, இதுக்கு வைத்தியம் இருக்குது, நான் கூடவே வர்றேன்" என்பது போதும்.

அவளை இப்போதே வீட்டுக்கு அழைத்து வாருங்கள். சம்பந்தி வீட்டில் காரணம் கேட்டால், உடம்பு சரியில்லை, மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்பது பொய்யல்ல. ஒன்பதாம் மாதம் சடங்கு செய்ய வேண்டும் என்று அவள் விரும்பினால், ஒரு நாள் அங்கே போய்ச் செய்துவிட்டு வரலாம். வீட்டுக்கு வந்த பிறகு நீங்களோ, அவளுடைய அம்மாயியோ (உங்கள் தாயார்) இரவில் அவள் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது தோட்டத்து வீடு என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: பயிருக்கு அடிக்கும் மருந்துகள், வாசல் தெளிக்கும் பொடி, வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகள் எதுவும் சாளையிலோ அலமாரியிலோ இருக்க வேண்டாம். அவள் வருவதற்கு முன்பே எடுத்து, வேறொருவர் வீட்டில் பூட்டி வைத்துவிடுங்கள். உயிரை விடும் எண்ணம் பெரும்பாலும் அலையாகப் பெருகி, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லை என்பதே பல உயிர்களைக் காத்திருக்கிறது. அவளுக்கு வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையையும் மற்ற மாத்திரைகளையும் அன்றன்றைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது. உங்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் இருக்கிறது. மற்ற வாசகர்களுக்குக் கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்வார். நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தால், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை இலவசமானது, எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் அப்படியே. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் யோசிக்காமல் 108. அடி, உதை பற்றி உதவி வேண்டுமானால் 181 மகளிர் உதவி எண்ணும், மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையமும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. எப்போது அந்த உதவியை நாடுவது என்பதை உங்கள் மகளே தீர்மானிக்கட்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை பற்றிய பயத்துக்கு வருகிறேன். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. மிதமான மனச்சோர்வுக்கு முறையான மன ஆலோசனையே பலன் தரும். தேவைப்படும் நிலையில், கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துப் பழகிய மருந்துகள் இருக்கின்றன. செர்ட்ரலின் அவற்றில் ஒன்று. பிறந்த குழந்தைக்குச் சில நாட்கள் நடுக்கமோ சிணுங்கலோ இருக்கலாம் என்பதால் கவனித்துக்கொள்வோம். பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். வால்ப்ராயேட் போல, கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்துகளும் உண்டு. ஆகவேதான் மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவரிடம் வரச் சொல்கிறோம். அதே வேளையில், மனச்சோர்வைச் சிகிச்சையில்லாமல் விடுவதும் குழந்தைக்குப் பாதுகாப்பானது அல்ல. குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பரிசோதனைக்குப் போகாமல் தாய் தன்னைக் கைவிடுவதும் அதில் சேரும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் சோர்வைப் பெருக்கும் என்பதால் அந்த இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். இங்கே மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: மனநல மாத்திரை சாப்பிட்டு வந்த பெண்ணுக்குக் கர்ப்பம் உறுதியானவுடன், குடும்பத்தார் தாமாகவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்துவது பழைய நோய் திரும்பி வர வழிவகுக்கும். மாற்றுவதா, குறைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேர் கெட்டுவிடும் என்ற அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை. நம் ஊரில் ஒரு பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவள் சொல்வதை இரகசியமாகக் காப்பது எங்கள் கடமை. உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக்கூடாது என்றும் அந்தச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே போலீஸ் வழக்குக்குப் பயந்து பழைய சம்பவத்தை மறைக்க வேண்டியதில்லை. ஒருவேளை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். மாப்பிள்ளையிடம் எதை, எவ்வளவு சொல்வது என்பதை அவள் சம்மதத்தோடு முடிவு செய்வோம். அந்த வீட்டில் அவளுக்கு நம்பிக்கையான ஒருவர், ஒரு நங்கையாவோ கொழுந்தனாரோ, இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

இந்தப் பதிலைப் படிக்கும் வேறு வீடுகளில் வேறு காரணங்கள் இருக்கலாம். பதினெட்டு வயதுக்கு முன்பே கர்ப்பமான பெண், திருமணமாகாமல் கருவுற்று யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பவள், "இதுவும் பொண்ணா" என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவள், கணவன் வெளியூரில் வேலை செய்யத் தனியே விடப்பட்டவள், ஓயாத வாந்தியால் வாரக்கணக்கில் சோறு இறங்காதவள் ஆகிய எல்லாரும் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். திருமணமாகாத பெண்ணுக்கும் சட்டம் அனுமதிக்கும் காலவரம்புக்குள் பாதுகாப்பான கருக்கலைப்புப் பெற உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தெரியாத இடத்தில் மறைவாகச் செய்துகொள்ளவோ, வழியே இல்லை என்று உயிரை வெறுக்கவோ வேண்டியதில்லை.

பிரசவம் முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பிறந்த முதல் இரண்டு வாரங்களில் வரும் சாதாரண அழுகை தானே தணியும்; அதற்கு மேல் நீடித்தால் காட்ட வேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, முதல் சில வாரங்களுக்குள் தூக்கமே இல்லாமல் போய், பேச்சு குழம்பி, இல்லாத குரல் கேட்கும் நிலை வரலாம். அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை கவனம் தேவை. அதிலும் முக்கியமாக, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்துப் பிள்ளையோடு கணவன் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோமே, அந்தச் சமயத்தில் இதுவரை சுற்றி இருந்த துணை ஒரே நாளில் விலகிவிடுகிறது. பழைய அடியும் கடனும் அங்கே அப்படியே இருந்தால், அனுப்பும் நாளைத் தள்ளி வைக்கத் தயங்காதீர்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது பிக்மி எண் உள்ள பதிவேட்டையும், ஸ்கேன் அறிக்கைகளையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு வாருங்கள். மருத்துவர் முதலில் அவளோடு தனியாகப் பேச விரும்புவார், அதற்கு விட்டுக்கொடுங்கள். பிறகு உங்களோடும் தனியாகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். இத்தனை நாளாக நீங்களும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.